கோலமாவும் எண்ணெய் முடியும்: நம் வீட்டில் ரோபோ வாக்யூமைப் பராமரிக்கும் முறை

ரோபோ வாக்யூமோடு வரும் கையேட்டைப் புரட்டினால் கார்ப்பெட்டில் எப்படி ஏறும், நாய் முடியை எப்படி இழுக்கும் என்றெல்லாம் இருக்கும். பூஜையறை விபூதியைப் பற்றியோ, தேங்காயெண்ணெய் தடவிய ஒன்றரை முழ முடியைப் பற்றியோ ஒரு வரி இருக்காது. ஆனால் நம் வீடுகளில் இந்த மெஷின் படுத்துக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் முடி, மாவு மாதிரியான நுண்பொடி, ஈரம் என்ற மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். இவற்றைச் சமாளிக்கத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் எளிது.

இன்னொன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது துடைப்பத்துக்கு மாற்று இல்லை. மூலை முக்கு, ஒட்டடை, ஜன்னல் விளிம்பு எல்லாம் அப்படியேதான் இருக்கும். தினமும் படியும் தூசியைத் தினமும் எடுப்பதுதான் இதன் வேலை. வாரத்துக்கு ஒருமுறை ஓட்டி எல்லாம் பளிச்சென்று ஆகவேண்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

வாங்கும் முன் எடுக்க வேண்டிய அளவு

டேப் எடுத்துக் கட்டில், சோபா, பீரோ, டிவி ஸ்டாண்டு ஆகியவற்றின் அடி இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். மேலே சின்னக் கோபுரம் மாதிரி லேசர் உள்ள மாடல்கள் சுமார் 9.5 முதல் 10 செ.மீ. உயரம் இருக்கும். கோபுரம் இல்லாதவை 8 செ.மீ. ஒட்டி இருக்கும். இடைவெளி 12 செ.மீ. என்றால் கவலையில்லை, 8 என்றால் உள்ளே நுழையவே நுழையாது. தொல்லை தருவது சரியாக 10 செ.மீ. இடைவெளிதான். உள்ளே பாதி போய்ச் சிக்கிக்கொண்டு, நடு மத்தியானத்தில் உங்கள் போனுக்குச் செய்தி அனுப்பும்.

உறிஞ்சுதிறனுக்கு விளம்பரத்தில் போடும் பாஸ்கல் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். டைல்ஸ், கிரானைட், மொசைக் தரைக்கு நடுத்தர மாடலே தாராளம். அதிக வேகத்தில் வைத்தால் சத்தமும் பேட்டரிச் செலவும்தான் கூடும். அந்தக் காசை லேசர் வழிகாட்டிக்குப் போடுங்கள். லேசர் இருட்டிலும் கட்டிலுக்கடியிலும் வேலை செய்யும், வீட்டின் வரைபடத்தையும் வைத்துக்கொள்ளும். கேமராவை மட்டும் நம்பி ஓடுகிறவற்றுக்கு வெளிச்சம் வேண்டும். இரண்டுமே இல்லாத மலிவு மாடல் குத்துமதிப்பாகச் சுற்றும். ஒரே அறைக்குப் பரவாயில்லை.

மெஷின் வந்து நின்று சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் மேடைக்கு டாக் என்று பெயர். தானே குப்பையைக் காலி செய்துகொள்ளும் டாக் வசதிதான். ஆனால் அதற்குள் போடும் பையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊர்த் தூசிக்கு, பெட்டியில் போட்டிருக்கும் நாள் கணக்குக்கு முன்பாகவே அது நிரம்பிவிடும். காலி செய்யும்போது மிக்ஸி ஓடுகிற மாதிரி சத்தம் வரும், குழந்தை தூங்கும் நேரத்துக்கு வைத்துவிடாதீர்கள். அந்தச் சில விநாடிகளுக்கு மின்சாரமும் நிறைய இழுக்கும். ஆகவே இந்த வகை டாக்கை இன்வெர்ட்டர் லைனில் மாட்ட வேண்டாம். வெறும் சார்ஜ் டாக் என்றால் இன்வெர்ட்டரில் இருக்கலாம்.

டாக் எங்கே, முதல் ஓட்டம் எப்படி

டாக்கைச் சுவரோடு ஒட்டி, வெறும் தரையில் வையுங்கள். இரண்டு பக்கமும் அரை மீட்டர், முன்னால் ஒன்றரை மீட்டர் காலியாக இருக்க வேண்டும். கால்மிதி மேல் வைத்தால் ரோபோ மோதும்போதெல்லாம் டாக் நகரும், மெஷினும் வீடு தெரியாமல் சுற்றும். நேர் வெயில் விழும் இடமும் கூடாது. டாக் அனுப்பும் அகச்சிவப்பு சிக்னலை வெயில் குழப்பிவிடும். ஒயரைச் சுவரோரமாக டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

பெரும்பாலான மாடல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும். உங்கள் ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் தருகிறது என்றால் ஆப் இணையாமல் அடம்பிடிக்கும். ரவுட்டர் செட்டிங்கில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள், அல்லது இணைத்து முடிக்கும்வரை 5-ஐ அணைத்து வையுங்கள். அந்த நேரத்தில் போனில் மொபைல் டேட்டாவையும் அணைத்திருந்தால் நல்லது.

முதல் ஓட்டம் வரைபடம் போடுவதற்கு. அதற்கு முன் ஒருமுறை கையால் பெருக்கிவிடுங்கள். பாய், கால்மிதி, சார்ஜர் ஒயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அறைக்கதவுகள் திறந்திருக்கட்டும், பாத்ரூம் கதவு மட்டும் மூடியிருக்கட்டும். மாப் துணியைக் கழற்றிவிடுங்கள். மெஷின் பின்னாலேயே போய் வேடிக்கை பார்க்க வேண்டாம், உங்கள் கால்களையும் அது தடுப்பு என்று குறித்துக்கொள்ளும். நடுவில் தூக்கி வேறு இடத்தில் வைத்தால் வரைபடம் கோணிக்கொள்ளும். சுமார் 700 சதுர அடி வீட்டைப் பெருக்கி முடிக்க ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும்.

வரைபடத்தில் சுவருக்குப் பின்னால் இல்லாத அறை ஒன்று முளைத்திருந்தால், தரைவரை இறங்கும் கண்ணாடியோ கண்ணாடிக் கதவோ அங்கே இருக்கிறது என்று பொருள். லேசர் அதில் பட்டுத் திரும்பி ஏமாற்றியிருக்கிறது. தரையிலிருந்து லேசர் இருக்கும் உயரத்தில், அதாவது ஏறக்குறைய 9 செ.மீ. மேலே, இரண்டு விரல் அகலத்துக்குக் காகித டேப் ஒட்டி மறுபடி வரைபடம் போடச் சொல்லுங்கள்.

போகக்கூடாத இடங்கள்

வரைபடம் சேமித்த கையோடு ஆப்பில் தடைக்கோடு போட வேண்டிய இடங்களில் முதலாவது பூஜையறை. விபூதியும் கோலமாவும் சாதாரணத் தூசியைவிட எவ்வளவோ நுண்மையானவை. ஃபில்ட்டரின் மடிப்புகளில் போய்ப் பூசிக்கொள்ளும், தட்டினாலும் உதிராது. அரிசிமாவு கூடப் பரவாயில்லை. கல்மாவில் போட்ட கோலத்தை இரண்டு நாள் உறிஞ்சினால் மூன்றாம் நாள் ஃபில்ட்டர் சிமெண்டு பூசிய மாதிரி ஆகிவிடும். ஊதுவத்திச் சாம்பலில் சில சமயம் கங்கும் இருக்கும். இதெல்லாம் துடைப்பமும் ஈரத்துணியும் பார்க்க வேண்டிய வேலை. வீட்டில் சுவரைத் துளைத்தாலோ பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தாலோ, அந்தத் தூசி அடங்கும்வரை மெஷினை எடுக்கவே வேண்டாம்.

குங்குமம் இன்னொரு ரகம். ஒரு சிட்டிகை கீழே சிந்தியிருக்கும், கண்ணுக்கே தெரியாது. ஈர மாப் அதன்மேல் ஏறியதும் துணியின் ஒரு ஓரம் சிவந்து, அங்கிருந்து ஹால் நடுவரை ரோஜா நிறத்தில் ஒரு பட்டை இழுத்துக்கொண்டே போகும். அந்தத் துணியைத் துவைக்காமல் அடுத்த நாள் போட்டால் படுக்கையறையிலும் அதே பட்டை. வெள்ளை மார்பிள் என்றால் கறை சுலபமாகப் போகாது.

அடுத்தது பாத்ரூம். அதன் தரை ஹாலைவிட இரண்டு மூன்று செ.மீ. தாழ்வாக இருக்கும். படிக்கட்டு மாதிரியான பள்ளத்தை அடியில் உள்ள சென்சார் கண்டுபிடித்து நின்றுவிடும், ஆனால் இந்தக் கொஞ்சப் பள்ளத்தைப் பல மெஷின்கள் தரை என்றே எடுத்துக்கொள்ளும். இறங்கிவிடும், திரும்ப ஏற முடியாது, உள்ளேயோ தண்ணீர். கதவை மூடி வைப்பதுதான் உத்தமம். கோடுதான் போடுவேன் என்றால் நிலையிலிருந்து 10 செ.மீ. தள்ளியே போடுங்கள், வரைபடம் சில செ.மீ. முன்பின் நகர்வது சகஜம்.

கறுப்பு டைல்ஸில் இதற்கு நேரெதிர்க் கோளாறு. பள்ளத்தைப் பார்க்கும் சென்சார் அகச்சிவப்பு ஒளியைக் கீழே அனுப்பி, திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. கறுப்பு அதை விழுங்கிவிடுவதால் பள்ளம் என்று நினைத்து மெஷின் பின்வாங்கும். சிலர் சென்சார் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி ஏமாற்றுவார்கள். வீட்டுக்குள் மாடிப்படியோ, இறங்குகிற முற்றமோ இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். மெஷின் உருண்டு விழும்.

கோரைப்பாயின் ஓரம், குஞ்சம் வைத்த கால்மிதி, ஊஞ்சலுக்கடியில் தொங்கும் துணி, பெடஸ்டல் ஃபேனின் வட்ட அடித்தட்டு ஆகியவை சிக்க வைக்கும் இடங்கள். ஃபேன் தட்டின் சரிவில் ஒரு சக்கரம் ஏறியதும் மறு சக்கரம் அந்தரத்தில் சுற்றும்.

முடி எடுப்பது

ஒரு வீட்டில் நீள முடிக்காரர் இரண்டு பேர் இருந்தால் இதை வாரத்துக்கு இரண்டு முறை செய்ய வேண்டும். இல்லையென்றால் வாரம் ஒருமுறை போதும். கத்தரிக்கோல், பழைய டூத்பிரஷ், சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் இருந்தால் பத்து நிமிட வேலை.

முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீர்த் தொட்டி இருந்தால் கழற்றிவிடுங்கள். தொட்டியோடு கவிழ்த்தால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். பிறகு ஒரு துண்டை விரித்து அதன்மேல் கவிழ்த்து வையுங்கள், வெறும் தரையில் கவிழ்த்தால் லேசர் கோபுரத்தில் கீறல் விழும். மெயின் பிரஷுக்கு மேலே உள்ள மூடியின் இரண்டு கிளிப்புகளை அழுத்தினால் மூடி கையோடு வரும். பிரஷை வெளியே எடுங்கள்.

நடுவில் சுற்றியிருக்கும் முடி எல்லார் கண்ணுக்கும் படும். பிரஷின் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும், அதில் கத்தரிக்கோலை விட்டு வெட்டினால் முழுக் கொத்தும் ஒரே பிடியில் உரிந்து வரும். மெஷினைக் கொல்லும் முடி அது இல்லை, முனையில் இருப்பது. பிரஷின் ஒரு முனை சதுரமாக இருக்கும், மோட்டார் அதைத்தான் பிடித்துச் சுற்றுகிறது. மறுமுனையில் வட்டமான ஒரு பிளாஸ்டிக் குல்லா. அந்தக் குல்லாவை இழுத்துக் கழற்றுங்கள். உள்ளே முடி மோதிரம் போல இறுகிக் கிடக்கும். எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்புக் களிம்பாக ஆகியிருக்கும். அதை விட்டுவைத்தால் உராய்ந்து சூடாகி, குல்லாவே இளகி பிரஷோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பிரஷ் மட்டுமில்லை, அது உட்காரும் இடமும் போகும்.

முழு ரப்பர் பிரஷ் என்றால் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டுக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிடலாம். தூரிகை முடி வைத்த பிரஷை ஈரமாக்காமல் டூத்பிரஷால் தேய்ப்பது நல்லது. திரும்பப் போடும்போது குல்லாவை மறந்துவிடாதீர்கள். மறந்தால் கடகடவென்று சத்தம் வரும்.

பக்கத்தில் சுற்றும் மூன்று கால் பிரஷை ஒரு ஸ்க்ரூ பிடித்திருக்கும். அதைக் கழற்றி அடியைப் பார்த்தால் பூச்சரத்தின் நாரும் நூலும் சுருண்டு கிடக்கும். வெள்ளிக்கிழமை மல்லிகைச்சரம் உதிர்ந்த வீட்டில் சனிக்கிழமை இந்த பிரஷ் நின்றுபோவதற்குக் காரணம் அந்த நார்தான். கால்கள் வளைந்திருந்தால் சூடான தண்ணீரில் சில விநாடி முக்கி எடுங்கள், நிமிர்ந்துகொள்ளும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம்.

முன்னால் உள்ள சின்ன உருட்டுச் சக்கரத்தைப் பெரும்பாலோர் கண்டுகொள்வதே இல்லை. அது ஸ்க்ரூ இல்லாமல் அழுத்தத்தில்தான் நிற்கிறது. நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். அச்சுக்கம்பியில் சுற்றிய முடியை எடுங்கள். இது சுற்றாமல் இழுபட்டால் தரையில் கோடு விழும், மெஷின் ஒரு பக்கமாகவே சாயும், வரைபடமும் கோணலாகும்.

குப்பைப் பெட்டியும் ஃபில்ட்டரும்

பெட்டியைத் தினமும் காலி செய்யுங்கள், நிரம்பாவிட்டாலும்கூட. உள்ளே முறுக்குத்தூள், சர்க்கரை, பிஸ்கட் எல்லாம் இருக்கும். இரண்டு நாள் விட்டால் டாக்கைத் தேடி எறும்பு வரிசை கட்டும், மெஷினுக்குள்ளும் புகுந்துவிடும். கொட்டுவதைப் பழைய செய்தித்தாளில் கொட்டுங்கள். கம்மல் திருகாணி, மூக்குத்தி, கொலுசு மணி காணவில்லை என்று வீட்டில் தேடல் நடந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஃபில்ட்டரை வாரம் இரண்டு முறை எடுத்து, வெளியில் வைத்து, பிளாஸ்டிக் சட்டத்தை மெதுவாகத் தட்டுங்கள். மடிப்புக்குள் பிரஷை விட்டுத் தேய்த்தால் தாள் கிழியும். கழுவலாம் என்று கையேட்டில் இருந்தால் மட்டும் குழாயில் காட்டுங்கள், சோப்பு வேண்டாம். கழுவிய பிறகு நிழலில் 24 மணி நேரம், மழைக்காலம் என்றால் 48 மணி நேரம் காய வேண்டும். மேலே தொட்டுப் பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும், மடிப்புக்குள் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தோடு ஓட்டினால் தூசி சேறாகிப் பிடித்துக்கொள்ளும், காற்று வெளிவரும் இடத்தில் ஈரத்துணி நாற்றம் அடிக்கும். இரண்டு ஃபில்ட்டர் வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. நம் தூசிக்கு ஒரு ஃபில்ட்டர் மூன்று மாதத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பக்க பிரஷ் நான்கைந்து மாதம், மெயின் பிரஷ் ஏறத்தாழ ஒரு வருடம்.

மாப் போடுவது

மாப் என்றதும் ஆசை அதிகம், பலன் கொஞ்சம்தான். காய்ந்த சாம்பாரையும் அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கையும் அது எடுக்காது, தேய்த்துப் பரப்பும். முதலில் பெருக்கும் ஓட்டம் தனியாக, பிறகு மாப் ஓட்டம் தனியாக விடுவதே நல்லது. துணியை நனைத்துப் பிழிந்துவிட்டு மாட்டுங்கள், காய்ந்த துணியோடு கிளம்பினால் முதல் அறை சும்மா போகும்.

போர் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். உப்பு படிந்து தண்ணீர் சொட்டும் துளையில் வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும். சில மாதத்தில் ஒரு பக்கம் மட்டும் நனையும், பிறகு அதுவும் நிற்கும். குடிக்கிற ஆர்ஓ தண்ணீரே போதும். ஆனால் ஆர்ஓ மெஷின் கழித்து வெளியேற்றும் தண்ணீரைச் சிக்கனம் என்று பிடித்து ஊற்றிவிடாதீர்கள். உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஃபினாயில், ஆசிட், பிளீச்சிங் கலந்த திரவம் எதுவும் தொட்டிக்குள் கூடாது, ரப்பர் வாஷரையும் பம்ப்பையும் அரித்துவிடும். ஃபினாயில் வாசனை வேண்டும் என்பவர்கள் அன்றைக்குக் கையால் துடைத்துக்கொள்ளலாம்.

ஓட்டம் முடிந்ததும் துணியைக் கழற்றித் துவைத்து வெயிலில் போடுங்கள். தொட்டியில் மிச்சத் தண்ணீரை வைக்காதீர்கள். டாக்கில் ஈரத்துணியோடு இரவு முழுக்க நின்ற மெஷின், காலையில் வீடு முழுக்கப் புளித்த வாடையைத்தான் பூசும்.

நின்றால் எங்கே பார்ப்பது

ஒரே இடத்தில் வட்டமடித்தால் ஒரு பக்கச் சக்கரத்தில் முடி சுற்றியிருக்கும். இல்லையென்றால் முன் பம்பர் ஒரு பக்கம் அழுந்திய நிலையில் மாட்டியிருக்கும். பம்பர் இடுக்கில் ஒரு அரிசி நுழைந்தாலே போதும், எதிலோ மோதிக்கொண்டே இருப்பதாக நினைத்துத் திரும்பித் திரும்பிச் சுற்றும். பம்பரைப் பத்துத் தடவை விரலால் தட்டி, இடுக்கில் டூத்பிரஷ் ஓட்டுங்கள்.

பின்னாலேயே போய்க்கொண்டிருந்தால் அடியில் உள்ள பள்ள சென்சார்களில் தூசி. காய்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள், மாதம் ஒருமுறை இதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். லேசர் கோளாறு என்று சொன்னால் கோபுரத்தை விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள், தடையில்லாமல் சுற்ற வேண்டும். தாழ்வான கட்டில் அதன் மூடியை அழுத்தியிருக்கலாம். டாக்கில் நின்றும் சார்ஜ் ஏறவில்லை என்றால் இரண்டு பக்கமும் உள்ள உலோகத் தகடுகளைப் பாருங்கள். ஈர மாப்பும் கடற்கரை ஊர்க் காற்றும் சேர்ந்தால் அதில் மங்கலான படலம் வரும். டாக்கின் பிளக்கை எடுத்துவிட்டு, பென்சில் ரப்பரால் தேய்த்தால் போய்விடும்.

மெஷினுக்குள் தண்ணீர் போய்விட்டால் உடனே சுவிட்சை அணையுங்கள். வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்ப்பதும் டாக்கில் வைப்பதும்தான் போர்டை எரிக்கும். பெட்டி, ஃபில்ட்டர், பிரஷ் எல்லாவற்றையும் கழற்றி, ஃபேன் காற்றில் இரண்டு நாள் வைத்துவிட்டுச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

லித்தியம் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளரும். முன்பு ஒரே சார்ஜில் முடித்த வீட்டை இப்போது நடுவில் டாக்குக்கு வந்து வந்து முடிக்கிறது என்றால் அதுதான் அடையாளம். மற்ற நாட்களில் எப்போதும் டாக்கிலேயே இருக்கலாம், கெடாது. ஒரு மாதம் ஊருக்குப் போவதாக இருந்தால் முழுக்க சார்ஜ் ஏற்றி, மெயின் சுவிட்சை அணைத்து, டாக்கின் பிளக்கையும் எடுத்துவிட்டுப் போங்கள். புதுப் பேட்டரி வாங்கும்போது பழையதன்மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட், பெரும்பாலும் 14.4, அதுவும் கனெக்டர் வடிவமும் ஒத்துப்போக வேண்டும். பழையது உப்பியிருந்தால் அமுக்கியோ குத்தியோ பார்க்காதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி மின்னணுக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள், குப்பை வண்டியில் போட்டால் வண்டிக்குள் நசுங்கித் தீப்பிடிக்கும்.